வியாழக்கிழமைத் திருட்டு

பாணேர், புனே
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மன்னிக்கு,

பட்டு எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரரின் தங்கை, நீங்கள் முகம் கொடுத்துப் பேசாத அதே பட்டுதான். கிழித்துப் போடுவதானால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

ஜம்பு அண்ணா பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சிறைக்கு வந்து உங்களைப் பார்க்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "எல்லாம் நன்னா இருக்கு, நீ கவலைப்படாதே" என்று சொல்கிறார். திரும்பி வந்து சோபாவில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். அவர் வாயிலிருந்து உங்களுக்கு உண்மை வராது. அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

உண்மை இது. தாபோடி ஃபிளாட்டை விற்க அண்ணா புரோக்கரிடம் பேசிவிட்டார். உங்கள் கூட்டுறவுச் சேமிப்புச் சங்கத்தின் வக்கீல் வீட்டுக்கே வந்து பேரம் பேசிவிட்டுப் போனார். நீங்கள் தலைவராக இருந்த கிளையின் பணப் பெட்டியில் குறைந்துபோன பதினெட்டு லட்சத்தையும் கட்டிவிட்டு, "நான்தான் எடுத்தேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், மேல்கோர்ட்டில் தண்டனையைக் குறைக்க அவர்கள் ஆட்சேபம் சொல்ல மாட்டார்களாம். ஐந்து வருடத்துக்குப் பதிலாக, இதுவரை இருந்த எட்டு மாதத்தோடு அனுப்பிவிடுவார்களாம். என்ன தாராள மனசு! இருபத்திரண்டு வருடம் அந்தச் சங்கத்துக்கு உழைத்தவருக்கு அவர்கள் தரும் சன்மானம். வக்கீல் காகிதத்தைத் தயார் பண்ணிக் கொடுத்ததும் அண்ணா அதோடு வருவார்.

போடாதீர்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

கடிதங்களைச் சிறையில் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்றும், தமிழ் தெரிந்த காவலர் ஜெபமணி என்று ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றும் அண்ணா சொன்னார். ஜெபமணி அம்மா, வணக்கம். நாங்கள் சண்டைக்காரர்கள். பயந்துவிட வேண்டாம்.

பட்டு


பெண்கள் சிறை, புனே
5 செப்டம்பர் 2024

பட்டுவுக்கு,

உன் கடிதம் மூன்று வாரம் கழித்துக் கைக்கு வந்தது. ஜெபமணி லீவில் இருந்தாராம். சிரித்துக்கொண்டே கொடுத்தார். இந்த இடத்தில் யாரும் எனக்கு எதையும் சிரித்துக்கொண்டே கொடுத்ததில்லை. அதற்காகத்தான் இந்தப் பதில்.

எனக்குப் புத்தி சொல்ல உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போலீஸ் ஜீப் கீழே நின்றது. பில்டிங் முழுக்கக் கூடி வேடிக்கை பார்த்தது. அத்தனை பேர் நடுவில் என் எதிரே வந்து நின்று, "மன்னி, எடுத்தேளா?" என்று கேட்டாய். உன் அண்ணா கேட்கவில்லை. என் பெண் வைஷு கேட்கவில்லை. நீ கேட்டாய். இன்றைக்கு, எடுத்தேன் என்று எழுதாதே என்கிறாய்.

நான் எழுதத்தான் போகிறேன். தை மாதம் வைஷுவுக்குக் கல்யாணம். கோயம்புத்தூர்க்காரர்கள் நல்ல மனிதர்கள், எல்லாம் தெரிந்தும் சம்மதித்திருக்கிறார்கள். பெண்ணின் அம்மா ஜெயிலில் இருக்க, யார் கையைப் பிடித்துக் கொடுப்பது? உன் அண்ணாவின் சட்டை தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு அவர் இளைத்துவிட்டார். எனக்குக் கண் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வசூல்காரர்கள் பகல் முழுக்கக் கடை கடையாகப் போய், காய்கறிக்காரி, டெய்லர், டீக்கடை என்று அம்பதும் நூறும் சேமிப்புப் பணம் வாங்கிக் கையிலுள்ள சின்ன மெஷினில் ஏற்றுவார்கள். சாயங்காலம் அந்த மெஷினைக் கிளைக் கம்ப்யூட்டரில் செருகுவோம். இன்று பெட்டியில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அது சொல்லும். பழைய சாஃப்ட்வேர் இருந்தவரை ஒரு ரூபாய் பிசகியதில்லை. புதிது வந்த மாதத்திலிருந்து குறைய ஆரம்பித்தது. முதல் மூன்று தடவை யாருக்கும் தெரியாமல் வளையலை அடகு வைத்து நானே போட்டேன். மானம் போய்விடக் கூடாதே! கோர்ட்டில் அதையே திருப்பினார்கள். திருடாதவள் எதற்குக் கட்டினாள் என்றார்கள்.

குறைந்த நாளெல்லாம் வியாழக்கிழமை என்றும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். வியாழக்கிழமை ரிப்பேர் வேலைக்காக ஊரெல்லாம் கரண்ட்டை நிறுத்துவார்கள், கேமரா ஓடாது, அது தெரிந்தே அன்றைக்குக் கை வைத்தாள் என்றார்கள். நீதிபதி தலையாட்டினார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இங்கே உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இனி எழுதாதே.

ஸ்ரீவித்யா


பாணேர்
29 செப்டம்பர் 2024

மன்னி,

எழுதாதே என்றால் நான் எழுதாமல் இருந்துவிடுவேனா? உங்களுக்கு இத்தனை வருடமாகியும் என்னைத் தெரியவில்லை.

ஆமாம், கேட்டேன். அந்த நாள் மறுபடி வந்தாலும் கேட்பேன். அண்ணா ஏன் கேட்கவில்லை? பதிலை நினைத்துப் பயம். அண்டை வீட்டார் ஏன் கேட்கவில்லை? அவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள். நீங்கள் என் கண்ணைப் பார்த்து "இல்லை" என்றீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து நான் யாரையும் எதுவும் கேட்டதில்லை. "எங்க மன்னி எடுக்கலை" என்று சொல்லிச் சொல்லி எங்கள் குடியிருப்பு மாதர் சங்கத்தில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. போகட்டும், அவர்கள் கிண்டும் அவல் போஹாவில் உப்பே இருக்காது.

இப்போது விஷயம். வியாழக்கிழமை என்று நீங்கள் எழுதியிருந்தது என் மண்டைக்குள்ளேயே குடைந்தது. போன வியாழனன்று இங்கேயும் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, தண்ணீர் இல்லை. ஏழு மாடி இறங்கினேன். இறங்கின வேகத்தில் ஆட்டோ பிடித்து ஹடப்சர் போனேன். அங்கேயும் உங்கள் சங்கத்துக்கு ஒரு கிளை இருக்கிறதே, டெபாசிட் போட வந்தவள் மாதிரி போய் உட்கார்ந்துகொண்டேன்.

கிளைத் தலைவர் சலீம் என்று ஒருவர். சாயங்காலம் கரண்ட் வந்தது. வந்து, போய், மறுபடி வந்து, மறுபடி போய், அப்புறம்தான் நின்றது. வசூல்காரர்கள் மெஷினைச் செருகினபடி நின்றார்கள். சலீம் ஸ்கிரீனைப் பார்த்தார். பெட்டியை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர்களுக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகம். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

நான் நேரே மேஜைக்குப் போய், "பாயீசாப், அது உங்க சொந்தப் பணம்தானே?" என்று ஹிந்தியில் கேட்டேன். என் ஹிந்தி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மனிதர் ஹிந்தியைத் திருத்தவில்லை. அப்படியே அழுதுவிட்டார்.

இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாராம். மோட்டார் சைக்கிள் போய்விட்டது, பீவியின் சங்கிலி போய்விட்டது. தனக்கு எண்ணத் தெரியாமல் போய்விட்டது, மூளையில் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் வேறு காட்டியிருக்கிறார். எந்தக் கிழமை என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, வெளுத்துப் போய், "ஜும்மேராத்" என்றார். வியாழக்கிழமை.

மன்னி, நீங்கள் வியாழனன்று திருடினீர்களா, அல்லது வியாழன்தான் உங்கள் எல்லாரையும் திருடர்களாக்கியதா?

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? உடனே எழுதுங்கள். ஜெபமணி அம்மா, தயவுசெய்து இந்த மாதம் லீவு போடாதீர்கள்.

பட்டு


பெண்கள் சிறை, புனே
4 அக்டோபர் 2024

பட்டு,

கையெழுத்துப் போடவில்லை. உன் அண்ணா காகிதத்தோடு வந்த அன்று காலையில்தான் உன் கடிதம் கிடைத்தது. ஜெபமணி தன் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்து, ஓடி வந்து கொடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் அண்ணா பேனாவை எடுத்தார். "ஃபிளாட்டை விக்கப்படாது. உள்ள வை" என்றேன். ஒன்றும் புரியாமல் விழித்தார், பாவம். நான் சிரித்தேன். அவர் பயந்துபோய்விட்டார். நீ போய் விளக்கிச் சொல்.

அன்று முழுக்க எனக்குக் கோபம் அடங்கவில்லை. சலீம் பாயும் நானும் மாதா மாதம் தலைமையலுவலக மீட்டிங்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். "கேஷ் எல்லாம் சரியா இருக்கா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டிருக்கிறோம். "சரியா இருக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கிறோம். எல்லாருக்கும் வளையல் அடகில்! வெட்கம்தான் எங்களைத் தனித்தனியாகப் பிடித்து வைத்திருந்தது. தலைமையலுவலகம் ஒவ்வொருவரிடமும், வேறு எந்தக் கிளையிலும் இப்படி இல்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பிம்ப்ரி கிளையில் பத்ரி என்று ஒருவர் இருந்தார். சின்ன வயசு. ஒரு நாள் போன் பண்ணி, "மேடம், உங்களுக்குக் கணக்கு ஒத்துப் போறதா?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் அவரே பேச்சை மாற்றிப் போனை வைத்துவிட்டார். அடுத்த மாதம் இறந்துபோனார். ஹார்ட் அட்டாக் என்றார்கள். அவர் மனைவி ருக்மிணியைப் போய்ப் பார். மெதுவாகப் பேசு. உன் வழக்கமான குரலில் பேசாதே.

நீ கேட்டது தப்பு என்று நான் இன்னமும்தான் நினைக்கிறேன். ஆனால் கேட்டாய். "இல்லை" என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. கோர்ட்டில்கூட என்னை அப்படி நேராக யாரும் கேட்கவில்லை.

ஸ்ரீவித்யா


பாணேர்
20 ஜனவரி 2025

மன்னி,

வரிசையாகச் சொல்கிறேன்.

ருக்மிணியைப் பார்த்தேன். நாலாவது தடவைதான் கதவைத் திறந்தாள். மெதுவாகப் பேசினேன், நம்புங்கள். ஹார்ட் அட்டாக் இல்லை மன்னி. வட்டிக்கு வாங்கிக் கட்டிக் கட்டி, இனி கட்ட முடியாது என்ற நிலையில் அந்தப் பிள்ளை தூக்கு மாட்டிக்கொண்டுவிட்டான். திருடனின் பெண்டாட்டி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவள் வெளியே வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். வியாழக்கிழமை விஷயம் முழுவதையும் சொன்னேன். "அப்போ அவர் எடுக்கலையா மாமி?" என்று கேட்டாள். கட்டிய புருஷனையே ஒன்றரை வருடமாக மனசுக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். இதற்கெல்லாம் எந்தக் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்பது?

அவள் சாட்சி சொல்ல வருகிறாள். சலீம் பாயும் வருகிறார். வேலை போனாலும் பரவாயில்லை என்கிறார்.

கரண்ட் போய் வரும்போது கம்ப்யூட்டர்தான் கணக்கைத் தப்பாகச் சொல்கிறது என்று நம் வக்கீல் முகுந்த் மேல்கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார். சாஃப்ட்வேர் கம்பெனி, "எங்கள் சிஸ்டம் தப்பே பண்ணாது" என்று பிரமாணம் செய்து கொடுத்திருக்கிறது. கடவுள்கூட அப்படிச் சத்தியம் பண்ண மாட்டார். மேல்கோர்ட் நீதிபதி ஓர் அம்மாள், அவர் முன்னவர் மாதிரி தலையாட்டவில்லை. மெஷினைக் கோர்ட்டுக்கே கொண்டுவந்து, வெளியிலிருந்து ஒரு பொறியியல் பேராசிரியரை வைத்து, என் கண் முன்னால் செய்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

தை பிறந்தது. கல்யாணம் இல்லை. வைஷு கோயம்புத்தூருக்குத் தானே போன் பண்ணி, "எங்கம்மா வந்து நின்னாத்தான் எனக்குத் தாலி. காத்திருக்க முடியும்னா காத்திருங்கோ" என்று சொல்லிவிட்டாள். காத்திருக்கிறார்களாம். பெண் உங்களை மாதிரியா, என்னை மாதிரியா என்று அண்ணா கேட்கிறார்.

பட்டு


பாணேர்
18 மார்ச் 2025

மன்னி! மன்னி! மன்னி!

ஜெபமணி அம்மா, இதைப் படித்ததும் தயவுசெய்து ஓடுங்கள். நடக்காதீர்கள்.

உங்களை இன்று கோர்ட்டுக்கு அழைத்து வரவில்லை. அதனால் என் கண்ணையே உங்களுக்குக் கடன் தருகிறேன். கூடம் நிரம்பி வழிந்தது. காய்கறிக்காரிகள், டெய்லர்கள், தாபோடி கிளையில் உங்களிடம் பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. சத்தியமாக. வைஷு கூப்பிட்டிருக்கிறாள்.

மேஜைமேல் கம்ப்யூட்டர், மெஷின் இரண்டையும் வைத்தார்கள். பேராசிரியர், ஒரு சேமிப்பு வேண்டுமே என்றார். நீதிபதி அம்மாள் தன் குமாஸ்தாவைப் பார்த்தார். அவர் பத்து ரூபாய் எடுத்து ஒரு டப்பாவில் போட்டார். மெஷினில் பத்து ஏற்றினார்கள். கம்ப்யூட்டரில் செருகினார்கள். பேராசிரியர் கம்ப்யூட்டரின் கரண்ட் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார். எல்லாரும் ஸ்கிரீனைப் பார்த்தோம்.

பத்து.

கம்பெனி வக்கீல் சிரித்தார். அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை செய்தார்கள். பத்து. சலீம் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. எழுந்து நின்று கத்திவிட்டேன். "ஐயா, எந்த ஊர்ல கரண்ட் இவ்வளவு மரியாதையா ஒரே தடவை வருது? வந்து வந்து போகணும்!" மராத்தி, ஹிந்தி, தமிழ் எல்லாம் கலந்து வந்தது. காவலர் வந்துவிட்டார், உட்காருங்கள் என்கிறார். நீதிபதி அம்மாள் மேஜையைத் தட்டினார். இன்னொரு தடவை பேசினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். நான் உட்கார்ந்தேன். பிறகு அவர் பேராசிரியரிடம் திரும்பி, மராத்தியில், "அந்தம்மா சொல்கிற மாதிரி செய்யுங்கள். என் வீட்டிலும் அப்படித்தான் வருகிறது" என்றார்.

பிடுங்கினார், செருகினார். ஸ்கிரீன் உயிர் பெற்றுப் பாதி வரும்போதே மறுபடி பிடுங்கினார், செருகினார்.

இருபது!

கூடத்தில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள். இன்னொரு தடவை செய்தார். முப்பது! பணம் போட்டவன் கணக்கில் பத்துதான் ஏறியிருக்கிறது. அதே பத்தைத் திரும்பத் திரும்ப எண்ணி, கிளைப் பெட்டியில் இருக்க வேண்டிய தொகை மட்டும் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் வாடிக்கையாளர் ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. ஆடிட்டர் கண்ணிலும் படவில்லை.

நீதிபதி அம்மாள் டப்பாவைக் கவிழ்க்கச் சொன்னார். ஒரே ஒரு பத்து ரூபாய் விழுந்தது. அவர் கம்பெனி வக்கீலைப் பார்த்துக் கேட்டார்: "மீதி இருபது எங்கே? என் குமாஸ்தா எடுத்துவிட்டாரா? இவரைக் கைது பண்ணச் சொல்லட்டுமா?" குமாஸ்தா நிஜமாகவே பயந்து எழுந்து நின்றுவிட்டார். கம்பெனி வக்கீல் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

அண்ணா அழவில்லை. அதுதான் ஆச்சரியம். வெளியே வந்து, இரண்டு வடாபாவ் வாங்கி, இரண்டையும் அவரே தின்றார். பசித்து அவர் சாப்பிட்டு நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

தீர்ப்பு அடுத்த வாரம். பெட்டியைக் கட்டி வையுங்கள்.

உங்கள் பட்டு


தாபோடி, புனே
2 ஜூன் 2025

அன்புள்ள பட்டுவுக்கு,

நீயும் வைஷுவும் காஞ்சிபுரத்தில் கல்யாணப் புடவைக்காகக் கடையை ஒரு வழி பண்ணிக்கொண்டிருப்பீர்கள். போன் பண்ணியிருக்கலாம். போனில் பேசினால் நீ பாதியில் புகுந்துவிடுவாய். இதை நான் முழுதாகச் சொல்ல வேண்டும்.

நேற்று சங்கத்தின் பொதுக்கூட்டம். கிளைத் தலைவர்கள், அங்கத்தினர்கள், டைரக்டர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். குற்றம் செய்யவில்லை என்று கோர்ட் சொல்லி விடுவித்த பிறகு நான் அவர்கள் முன்னால் நிற்பது இதுவே முதல் தடவை. மேடைக்குக் கூப்பிட்டார்கள். சேர்மன் சால்வை போட்டார், பூச்செண்டு கொடுத்தார். "நடந்தது நடந்துவிட்டது, ஒரு தொழில்நுட்பக் கோளாறு, மறந்துவிட்டு மேடம் வேலைக்குத் திரும்ப வேண்டும்" என்றார். கைதட்டினார்கள்.

பதினைந்து மாதம் பட்டு. அந்தப் பதினைந்து மாதத்தில் உன் அண்ணா கிழவராகிவிட்டார். சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று என் வீட்டிலேயே நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. காலிங் பெல் அடித்தால் இன்னமும் கீழே ஜீப் நிற்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். இதற்குப் பெயர் கோளாறாம்.

மைக்கைக் கேட்டு வாங்கினேன். சால்வையை மடித்து மேஜைமேல் வைத்தேன். மராத்தியில்தான் பேசினேன். "நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். இந்தப் புது சாஃப்ட்வேர் வந்த பிறகு, பெட்டியில் குறைந்ததைத் தன் கைப் பணத்தால் யாராவது நிரப்பியிருந்தால், எழுந்து நில்லுங்கள்" என்றேன்.

ஒருவரும் எழவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தரையை எனக்குத் தெரியும், நானும் எத்தனையோ மீட்டிங்கில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சேர்மன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மைக்குக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

சலீம் பாய் எழுந்தார். பெயரையும் கிளையையும் சொன்னார். அப்புறம் சிஞ்ச்வட்டிலிருந்து ஒரு பெண். அடுத்து, ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கிற ஒரு பெரியவர், முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு அங்கொருவர் இங்கொருவராக, ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே எழுந்தார்கள். நீயுமா என்று கேட்டுக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள், சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிக் கிளைகளுக்கு மேல் நின்றுகொண்டிருந்தன.

கடைசி வரிசையில் ருக்மிணி உட்கார்ந்திருந்தாள். அங்கத்தினர் என்ற முறையில் வந்திருந்தாள். எழுந்தாள். "பத்ரி. பிம்ப்ரி கிளை. அவர் கடைசி வரைக்கும் தன் பணத்தைத்தான் போட்டார். அதனால்தான் செத்துப் போனார்" என்றாள். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்.

"இப்போது மன்னிப்புக் கேளுங்கள். முதலில் பத்ரியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு மைக்கைச் சேர்மனிடம் கொடுத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார். யாரும் உட்காரவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றோம். இரண்டு வார்த்தையில் நிறுத்தினார். டைரக்டர்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, மறுபடி முதலிலிருந்து, பத்ரியின் பெயரிலிருந்து, ஆரம்பித்தார்.

மன்னி